தலைகீழ் ஒன்பது

விலை ஏறும்போதெல்லாம் நானும் ஏறுகிறேன்,
மூன்றாவது படி ஆடும் ஓர் ஏணியில்.
ஜியான் ஊருக்கு வெளியே, லுவார் பாலம் தாண்டி
ரவுண்டானா ஓரத்தில் எங்கள் பங்க்.
பெரிய கம்பெனிகளின் பலகையில் எண்கள் தாமாக மாறும்.
இங்கே தகரத் தட்டுகள்,
ஜனவரியில் விரலைக் கவ்விக்கொள்ளும்.

டீசல்: இரண்டு, காற்புள்ளி, பூஜ்யம்.
ஒன்பதைத் தேடுகிறேன்.
கீழே சண்டை.

"பாதிக்குப் பாதி வரி" என்கிறார் கோதுமைக்கார கொத்ரி,
"பாரிசில் மெட்ரோவில் போகிறவன்
என் வேனுக்கு விலை வைக்கிறான்."
"என் சம்பளம் போன வருஷத்தது,
டீசல் இந்த வாரத்தது" என்கிறாள் மாரிவோன்,
ஊர் ஊராய்ப் போய் ஊசி போடும் நர்ஸ்.
பிறகு கொத்ரி அந்த வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தார்,
எல்லாப் பேச்சும் ஒரு நாள் வந்து சேரும் இடம்:
"நம் காசெல்லாம் ஆப்பிரிக்காவுக்குப் போகிறது."

லாரிக் கதவைத் திறந்தபடி மூசாவு சிரித்தார்.
"எங்கள் ஊர் போர் ஜாந்தி.
கடலில் உங்கள் கம்பெனி எரித்த வாயுவின் வெளிச்சத்தில்
இரவுப் பாடம் படித்தவன் நான்.
அதே ஊரில் பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றேன்.
அந்தக் காசு எந்த வழியாகப் போகிறது, சொல்லுங்கள்.
நானும் போய் அங்கே நிற்கிறேன்."

"நான் யாரையும் ஆளவில்லை.
என் நிலமே பாங்கில் இருக்கிறது."
அதுவும் உண்மைதான்.
ஏணியில் நிற்பவளுக்கு
எல்லாமே கொஞ்சம் உண்மையாய்க் கேட்கும்.
தூரத்தில் தாம்பியேர் அணு உலை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
அதன் அடுப்புக்கு மண் எந்த நாட்டிலிருந்து என்று
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

"நீ சொல்லேன், பலான்ஸ்" என்று அண்ணாந்தாள் மாரிவோன்.

பலான்ஸ் என் குடும்பப் பெயர். தராசு என்று பொருள்.
காரைக்கால் உப்பு மண்டியில் நிறுவைக்காரராக இருந்தவர்
என் பாட்டனுக்குப் பாட்டன்.
பழைய வழக்கத்தை விட்டேன், உங்கள் சட்டத்துக்குள் வந்தேன் என்று
கைநாட்டு வைத்த அன்று
குமாஸ்தா நிமிராமல் கேட்டானாம்: என்ன தொழில்?
அதையே பெயராய் எழுதிவிட்டான்.
அந்த ஒரு தாளில்தான் தொடங்குகிறது
என் பாஸ்போர்ட், இந்த ஏணி, இந்தத் தகரம்.
அதை நான் எந்தத் தட்டில் வைப்பேன்?

"விரல் மரத்துப்போச்சு" என்று மட்டும் சொல்லி
ஒன்பதை மாட்டிவிட்டு இறங்கினேன்.

கால் மணி நேரம் சத்தமே இல்லை.
கொத்ரி முதலில் வந்தார், தொப்பியைக் கழற்றி, மிக மரியாதையாக:
"பலகையில் இரண்டு ஆறு போட்டிருக்கிறது, மதாம்.
பலகை விலைதானே சட்டம்?"
எட்டிப் பார்த்தேன்.
என் ஒன்பது தலைகீழாய் நின்று ஆறாகியிருந்தது.
மாரிவோன் டாங்கி நிரப்பிக்கொண்டு கேனும் கொண்டுவந்தாள்.
யார் போன் போட்டார்களோ,
ரவுண்டானாவைச் சுற்றி வளைந்தது வரிசை.
வரி, பாரிஸ், ஆப்பிரிக்கா, எதுவும் இல்லை.
பம்பின் முனகல் மட்டும்.

மூசாவு கடைசியில் வந்தார். நானூறு லிட்டர்.
லிட்டருக்கு மூன்று சென்ட், மொத்தம் பன்னிரண்டு யூரோ மிச்சம்.
"இழப்பீடு," என்றார், "முதல் தவணை."
பில்லை நீட்டச் சொன்னார்,
லீல் நகரத்திலுள்ள முதலாளி பெயரில்.
இருவருமே சிரித்துவிட்டோம்.
என் மாதச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று
நான் அப்போதே கணக்குப் போட்டிருந்தேன்.

திரும்ப ஏறினேன். அந்த மூன்றாவது படியை
அவர் பூட்சால் மிதித்துக்கொண்டார்.
"தராசுக்கு முன்னால் அவருக்கு என்ன பெயர்?"
சொன்னேன். காற்று கொண்டுபோனது.
"கேட்கவில்லை."
ரவுண்டானா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:
கூத்தபெருமாள்!

வரிசையில் ஒரு கார் ஹாரன் அடித்தது.
அதற்குள் விலை ஏறிவிட்டிருந்தது.